தேவதைக் கதைகளோட முடிவ யார் மாத்துறாங்க? மாயக் கதையும் அரசியலும் (விவாத இழை)

தூக்கணாங்குருவி:

மக்களே, ரொம்ப நாளா மனச அரிச்சிக்கிட்டு இருக்கிற விஷயம் ஒன்னு, இங்க கொட்டிடுறேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு, ராத்திரி ஒரு கதை படிச்சாதான் தூக்கம் வரும். போன வாரம் ஹான்சல் கிரெட்டல். காட்டுக்குள்ள புள்ளைங்கள கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்ற இடம் வந்ததும் என் கைய கெட்டியா பிடிச்சிக்கிட்டு "அது அவங்க சொந்த அம்மா இல்லல்ல, சித்திதானே"ன்னு கேட்டா. ஆமாடா சித்திதான்னு சொல்லி தூங்க வச்சிட்டேன்.

அப்புறம்தான் தேடிப் பாத்தேன். 1812ல ஜெர்மனில கதைகள தொகுத்த கிரிம் சகோதரர்கள் முதல்ல அச்சுல போட்டப்ப அவ சித்தி இல்ல, பெத்த தாய். வீட்டுல நாலு பேருக்கு ரொட்டி இல்ல, புள்ளைங்கள விடலன்னா நாலு பேரும் பட்டினில சாகணும், அத சொல்றது பெத்த அம்மா. 1840ல வந்த நாலாம் பதிப்புலதான் அவ சித்தி ஆகுறா. ஸ்னோ ஒயிட்டும் இதே கதைதான், 1812ல மகளோட அழகப் பாத்து வயிறெரிஞ்சு கொல்லச் சொல்றவ பெத்தவ, 1819 பதிப்புல மாத்திட்டாங்க.

என்ன நடந்திருக்கு பாருங்க. முதல் வடிவத்துல கதை கேக்குற கேள்வி "பசி வந்தா பெத்தவளே இப்படி பண்ணுவாளா"ங்கிறது. அது தாங்க முடியாத கேள்வி, ஆனா நெஜமான கேள்வி, பஞ்சத்துல புள்ளைங்கள விட்டுட்டுப் போனவங்க எல்லா நாட்டுலயும் இருந்திருக்காங்க. சித்தின்னு ஒரே ஒரு சொல்ல மாத்துனதும் பசிங்கிற விஷயமே பின்னாடி போயிடுச்சு, கெட்ட பொம்பளைங்கிறது மட்டும் முன்னாடி வந்து நின்னுக்கிச்சு. ஒரு நாட்டோட வறுமை ஒரு பொம்பளையோட குணமா மாறிடுச்சு.

மாயக் கதைல அரசியல் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இந்த டிராகன் அந்தத் தலைவர், இந்த சூனியக்காரி அந்தக் கட்சின்னு ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா அரசியல் அங்க இல்ல, கதைய திருப்பிச் சொல்றப்ப எத மாத்துறாங்களோ அங்கதான் இருக்கு. முக்கியமா முடிவுல. உங்களுக்கு என்ன தோணுது?

கட்டெறும்பு:

தூக்கணாங்குருவி அக்கா, நல்ல பதிவு, ஆனா நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். எல்லா கதைக்குள்ளயும் அரசியலத் தேடுனா எங்கயும் கிடைக்கும், அதுக்கு உதாரணமே இருக்கு. 1900ல வந்த ஓஸ் மந்திரவாதி கதை எல்லாருக்கும் தெரியும். 1964ல ஒரு அமெரிக்க பள்ளிக்கூட வாத்தியார், ஹென்றி லிட்டில்ஃபீல்ட், ஒரு கட்டுரை எழுதுறார். மஞ்சக்கல் பாதைன்னா தங்க நாணயம், கதைநாயகி டோரத்தியோட வெள்ளிச் செருப்புன்னா வெள்ளி நாணயம் வேணும்னு கேட்ட விவசாயிகள் இயக்கம், வைக்கோல் மனுசன் விவசாயி, தகர மனுசன் ஆலைத் தொழிலாளின்னு ஒன்னு விடாம பொருத்திட்டார். அச்சு அசலா பொருந்துது! பாடம் நடத்துறவங்க எல்லாம் அத எடுத்துக்கிட்டாங்க.

ஆனா கதைய எழுதுன பாம் முன்னுரைலயே குழந்தைங்க சந்தோஷத்துக்காக மட்டும்தான் எழுதுறேன்னு சொல்லியிருக்கார். அவர் அந்த இயக்கத்த ஆதரிச்சார்ங்கிறதுக்கு ஆதாரம் கிடையாதுன்னு பின்னாடி லிட்டில்ஃபீல்டே ஒத்துக்கிட்டார். பொருத்தம் நல்லா இருக்குங்கிறதால மட்டும் அது உண்மை ஆயிடாதுன்னு நினைக்கிறேன். சித்தி விஷயத்துலயும் அவங்க சும்மா குழந்தைங்க பயப்படக்கூடாதுன்னு மாத்தியிருக்கலாம்ல?

நூலகத்தூசி:

கட்டெறும்பு சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கிறேன். சாவி கொண்டு பூட்டு திறக்குற மாதிரி கதைய படிக்கிறது கதைக்கு செய்யுற அநியாயம். ஆனா "குழந்தைங்க பயப்படக்கூடாது"ங்கிறதே ஒரு முடிவுதானே தம்பி. எந்த பயத்த எடுக்கிறது, எத விடுறதுன்னு யாரோ தீர்மானிக்கிறாங்க. சூனியக்காரி புள்ளைங்கள அடுப்புல வச்சு திங்கப் பாக்குற இடத்த அவங்க எடுக்கவே இல்லையே, அப்படியேதான் இருக்கு. பெத்த தாய மட்டும் எடுத்துட்டாங்க. கோபுரத்துல அடைபட்டுக் கிடக்கிற ரப்பன்ஸல் கதைலயும் பாருங்க, 1812ல அவ "என் சட்டையெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கிட்டே போகுது"ன்னு வெகுளியா கேப்பா, அதுல அவ கர்ப்பம்னு வெளிய வந்துடும். அடுத்த பதிப்புல அந்த வரி போச்சு. அடுப்பு இருக்கலாம், வயிறு இருக்கக்கூடாது.

இப்ப நான் ஒரு கதைய எடுத்துக்கிறேன், முடிவுங்கிற விஷயத்துக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல. ராஜாவோட புது உடுப்பு, இல்லாத துணிய நெய்யுறதா சொல்லி ஏமாத்துக்காரங்க ராஜாவ அம்மணமா ஊர்வலம் போக வைக்கிற கதை. டென்மார்க்கோட ஆண்டர்சன் 1837ல வெளியிட்டார், அப்பா செருப்பு தைக்கிறவர், அம்மா துணி துவைச்சு கொடுக்கிறவங்க. ஆனா கதை அவரோடது இல்ல. 1335ல ஸ்பெயின்ல யுவான் மானுவேல்னு ஒரு பிரபு எழுதி வச்ச தொகுப்புல இது இருக்கு. அதுல ஏமாத்துக்காரங்க என்ன சொல்வாங்கன்னா, இந்தத் துணி தன் அப்பாவுக்கே பொறக்காதவன் கண்ணுக்குத் தெரியாதுன்னு. யோசிச்சுப் பாருங்க, சொத்தும் பட்டமும் பொறப்ப வச்சு வர்ற சமூகம், "எனக்குத் துணி தெரியல"ன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா அவனுக்கு சொத்தே இல்ல. ராஜாவுக்கும் அதே பயம்தான். கடைசில யார் சொல்றான் தெரியுமா? ராஜாவோட குதிரைய பாத்துக்கிற ஒரு கறுப்பின ஆள். என்ன யாரோட மகன்னு நினைச்சாலும் எனக்கு ஒன்னும் போகப்போறதில்லன்னு சொல்லிட்டு, ஒன்னு எனக்கு கண்ணு தெரியல இல்ல நீங்க அம்மணமா இருக்கீங்கன்னு ராஜாகிட்டயே சொல்றான். இழக்க ஒன்னுமில்லாதவன்தான் அங்க உண்மைய சொல்ல முடியும்.

ஐநூறு வருசம் கழிச்சு ஆண்டர்சன் அத எடுத்தப்ப துணி யார் கண்ணுக்குத் தெரியாதுன்னா, பதவிக்கு லாயக்கில்லாதவனுக்கும் அடிமுட்டாளுக்கும். பயம் பொறப்புல இருந்து வேலைக்கு மாறிடுச்சு! அதிகாரிகள் நிறைஞ்ச காலம், வேலை போயிடும்ங்கிற பயம். அந்த ஒரு மாத்தத்துக்குள்ள ஐரோப்பாவோட ஐநூறு வருச வரலாறு இருக்கு, எந்த குறியீட்டையும் அவுக்காமலே நமக்கு அது கிடைக்குது.

இன்னொன்னும் சொல்லணும். ஆண்டர்சன் முதல்ல எழுதுனதுல சின்னப் புள்ளையே கிடையாது. எல்லாரும் உடுப்ப மெச்சிக்கிட்டே முடியுற மாதிரிதான் எழுதியிருந்தார். அச்சுக்குப் போய் புரூஃப் வந்த நேரத்துல முடிவ மாத்தி அந்தப் புள்ளைய உள்ள கொண்டு வந்தார். இன்னைக்கு உலகத்துல எந்த மூலைல "ராஜா அம்மணமா இருக்கார்"னு சொன்னாலும் ஞாபகம் வர்ற அந்தப் புள்ள கடைசி நிமிசத்துல வந்தவன்.

கட்டெறும்பு:

//பயம் பொறப்புல இருந்து வேலைக்கு மாறிடுச்சு//

இத நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல நூலகத்தூசி சார். சரி, திருப்பிச் சொல்றப்ப காலம் ஒட்டிக்கும்ங்கிறத ஏத்துக்கிறேன். ஆனா எழுதுனவர் தெரிஞ்சு செஞ்சாரா தெரியாம செஞ்சாரான்னு ஒரு கேள்வி இருக்குல்ல, அத விட்டுட முடியாது.

கரடகன்:

பஞ்சதந்திரத்துல வர்ற நரியோட பேர வச்சிக்கிட்டு நான் இதுல பேசாம இருந்தா நல்லா இருக்காது, அதனால பஞ்சதந்திரத்துக்கு வர்றேன்.

முதல் தந்திரம் எல்லாருக்கும் தெரியும், நட்பப் பிரிக்கிறது. பிங்களகன்னு சிங்க ராஜா, சஞ்சீவகன்னு எருது, ரெண்டு பேரும் உயிர் நண்பர்களாயிடுறாங்க, அரசவைல இடம் போயிடுச்சேன்னு தமனகன்ங்கிற நரி ரெண்டு பக்கமும் கோள் மூட்டி, கடைசில சிங்கம் எருத அடிச்சுக் கொன்னுடுது. சம்ஸ்கிருத மூலத்துல அதுக்கப்புறம் என்ன நடக்குது? சிங்கம் கொஞ்சம் வருத்தப்படும், தமனகன் போய் ராஜாவுக்கு இதெல்லாம் சகஜம்னு ஆறுதல் சொல்வான், அவன் மந்திரியா நிம்மதியா இருப்பான். அவ்வளவுதான். தண்டனை கிடையாது. இளவரசர்களுக்கு அரசியல் சொல்லித்தர எழுதுன கதைங்கிறதால உலகம் இப்படித்தான் இருக்கும் கண்ணத் தொறந்து பாத்துக்கோன்னு விட்டுட்டாங்க.

இந்தக் கதை 6ம் நூற்றாண்டுல பாரசீகத்துக்குப் போகுது, புர்ஸோய்ங்கிற மருத்துவர் பஹ்லவிங்கிற பழைய பாரசீக மொழில மொழிபெயர்க்கிறார். அதுல இருந்து 8ம் நூற்றாண்டுல இப்னுல் முகஃபா அரபிக்கு கொண்டு வர்றார், கலீலாவும் திம்னாவும்னு. தமனகனோட கூட்டாளி நரி கரடகன்தான் கலீலா, தமனகன் திம்னா. அரபில வந்தப்ப ஒரு முழு அத்தியாயம் புதுசா முளைச்சிருக்கு, அதுதான் திம்னாவோட விசாரணை. சிங்கத்தோட அம்மா விடமாட்டா, உண்மைய கிளறுவா, திம்னாவ சிறைல போடுவாங்க, சபை கூடும், திம்னா ஒவ்வொரு கேள்விக்கும் வாய்ஜாலமா பதில் சொல்லி தப்பிச்சுக்கிட்டே இருப்பான், சாட்சி சிக்காது, அப்புறம் சிறுத்தை வந்து நான் காதால கேட்டேன்னு சொல்லும், அவன் கதை முடியும். இந்த அத்தியாயத்த சேர்த்தது இப்னுல் முகஃபாதான்னு பரவலா சொல்றாங்க.

அந்த விசாரணைய படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன்னா அது நேரா தூக்குல போடுற கதை இல்ல. சந்தேகம் மட்டும் போதாது, சாட்சி வேணும்ங்கிறத மிருகங்களே பேசுது. ராஜா நினைச்சா ஒரு அறைல கொன்னிருக்கலாம், எருத அப்படித்தானே கொன்னான், ஆனா இப்ப சபைய கூட்டி கேக்க வேண்டியிருக்கு. கோள் மூட்டுறவன் வாழுற கதைக்குள்ள ஒருத்தர் நீதிமன்றத்த கட்டிட்டுப் போயிருக்கார். அப்பாசிய கலீஃபாக்கள் ஆட்சில அதிகாரத்துல இருந்தவங்கள்ட்ட எழுத்தரா வேலை பாத்தவர் அவர். அவருக்கு அந்த மாதிரி விசாரணை எதுவும் கிடைக்கல, சின்ன வயசுலயே கொன்னுட்டாங்க.

கட்டெறும்பு கேட்ட தெரிஞ்சா தெரியாமயான்னு கேள்விக்கு இந்த இடத்துல பதில் இருக்குன்னு நினைக்கிறேன். ஒரு முழு அத்தியாயத்த யாரும் தெரியாம சேர்க்க மாட்டாங்க.

திரைக்குப்பின்னால்:

கரடகன், அந்த விசாரணை பத்தி எழுதுனதுக்கு நன்றி. நான் நாடகக்காரி, அதனால ஒரு நாடகம் பத்தி சொல்றேன், ரஷ்யாவோட யெவ்கேனி ஸ்வார்ட்ஸ் எழுதுன டிராகன். போர் நடந்துக்கிட்டு இருந்தப்ப எழுதி, 1944ல மேடையேறுனதும் நிறுத்திட்டாங்க. 1960கள்லதான் மறுபடி மேடைக்கு வந்துச்சு.

கதை இதுதான். ஒரு ஊர 400 வருசமா ஒரு டிராகன் ஆளுது, வருசா வருசம் ஒரு பொண்ண எடுத்துக்கும். லான்சலாட்ங்கிற வீரன் வர்றான், கொல்லப்போறேன்னு சொல்றான். ஊர் மக்கள் சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தா இல்ல! எங்க டிராகன் ரொம்ப நல்லது, காலரா வந்தப்ப ஏரில மூச்சு விட்டு தண்ணிய கொதிக்க வச்சு எங்கள காப்பாத்துச்சுங்கிறாங்க, வெளி டிராகன்கள்ட்ட இருந்து தப்பிக்க சொந்தமா ஒரு டிராகன் இருக்கிறதுதான் ஒரே வழிங்கிறாங்க. பலி போகப்போற பொண்ணோட அப்பாவே அமைதியா பேசுறார். அந்த இடத்த வாசிக்கிறப்ப எனக்கு டிராகன விட அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு.

லான்சலாட் டிராகன கொன்னுடுறான், ஆனா படுகாயம் பட்டு காணாமப் போயிடுறான். வழக்கமான தேவதைக் கதை இங்க முடிஞ்சிருக்கும். ஸ்வார்ட்ஸ் முடிக்கல, அடுத்து ஒரு அங்கமே இருக்கு. டிராகன கொன்னது நான்தான்னு மேயர் சொல்லிக்கிட்டு ஆட்சில உக்காந்துடுறார், அதே பொண்ண கட்டிக்கப் போறார், ஜனங்க அதே மாதிரி வாழ்த்துறாங்க. லான்சலாட் திரும்பி வந்து பாக்குறப்ப, இனி ஒவ்வொருத்தருக்குள்ளயும் இருக்கிற டிராகன கொல்லணும், அது பொறுமையா செய்யுற வேலைன்னு புரிஞ்சிக்கிறான். ஜெர்மனிக்காரன் ஹிட்லர பத்தின நாடகம்னு சொல்லித்தான் அத மேடை ஏத்தியிருக்காங்க, ஆனா தணிக்கைக்காரங்களுக்கு புரிஞ்சிடுச்சு, எங்க உறுத்துனுச்சுன்னா அந்த மூணாவது அங்கத்துலதான்னு என் நம்பிக்கை.

எனக்கே நடந்தது ஒன்னு. காலேஜ்ல படிக்கிறப்ப நாங்க ஒரு குட்டி நாடகம் போட்டோம், பேசுற மரங்கள், வெட்ட வர்ற ராஜா, அவ்வளவுதான். கடைசில ராஜா வெட்டிடுவார், மேடைல ஒரு நாற்காலி மட்டும் இருக்கும், அந்த மரத்துல செஞ்ச நாற்காலி, யாரும் உக்கார மாட்டாங்க, விளக்கு அணையும். ஒத்திகை பாத்த நிர்வாகத்து ஆள் எல்லாத்தையும் விட்டுட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டார், "கடைசில ராஜா மனசு மாறுற மாதிரி வச்சிக்கலாமே". முழு நாடகத்துலயும் ஒரு வசனத்தக்கூட வெட்டச் சொல்லல. நாங்க மாத்திட்டோம். ராஜா வந்து மரத்த கட்டிப்பிடிச்சார், எல்லாரும் கைதட்டுனாங்க. பதினஞ்சு வருசம் ஆச்சு, அந்த கைதட்டல் சத்தம் இன்னும் எனக்கு உறுத்துது. தூக்கணாங்குருவி முடிவு பத்தி எழுதுனத படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

விண்மீன்வேடன்:

எல்லாரும் கதை அதிகாரத்த எதிர்க்குதுன்னே பேசுறீங்க. நான் ஃபேண்டஸி நாவல்கள விழுந்து விழுந்து படிக்கிறவன், எனக்கு அதுலதான் வருத்தம். பெரும்பாலான மாயக் கதை அதிகாரத்துக்கு சேவகம்தான் செய்யுது. கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வருவான், ராஜாங்கிற பதவி மட்டும் அப்படியே இருக்கும். ஆடு மேய்க்கிற பையன்தான் ஹீரோன்னு ஆரம்பிப்பாங்க, நமக்கும் ஆசையா இருக்கும், கடைசில பாத்தா அவன் காணாமப்போன இளவரசன், ரத்தத்துலயே வீரம் இருந்துச்சாம். அப்ப நெஜமாவே ஆடு மேய்க்கிற பையனுக்கு அந்தக் கதைல என்ன இடம்? சிண்ட்ரெல்லா மாளிகைக்குப் போறா, அடுப்புச் சாம்பல அதுக்கப்புறம் யார் அள்ளுனாங்கன்னு கதை சொல்லவே சொல்லாது.

டோல்கீன் குறியீட்டுக் கதையே எனக்குப் பிடிக்காது, வாசகர் தன் அனுபவத்துக்கு பொருத்திப் பாத்துக்கிற சுதந்திரம்தான் பிடிக்கும்னு தன் பெரிய நாவல் லார்ட் ஆஃப் த ரிங்ஸோட ரெண்டாம் பதிப்பு முன்னுரைல எழுதியிருக்கார். கட்டெறும்புக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனா குறியீடு இல்லன்னா அரசியல் இல்லன்னு அர்த்தம் இல்ல, ஒரு இனம் முழுக்க பொறப்புலயே கெட்டதுன்னு ஒரு உலகத்த படைச்சா அதுல ஒரு கருத்து இருக்கத்தானே செய்யுது.

இதுக்கு எதிரா எனக்குத் தெரிஞ்சு நேர்மையா எழுதுனவங்க உர்சுலா லெ குவின். 1973ல ஒமெலாஸ்னு ஒரு ஊர் பத்தி சின்னக் கதை. அங்க எல்லாரும் நெஜமாவே சந்தோஷமா இருக்காங்க, ராஜா கிடையாது, அடிமை கிடையாது, திருவிழா நடக்குது. அந்த சந்தோஷம் நிக்கிறதுக்கு ஒரே ஒரு நிபந்தனை, ஒரு நிலவறைல ஒரு புள்ள இருட்டுல அழுக்குல பட்டினில அடைஞ்சு கிடக்கணும். அந்த அறை மூலைல ரெண்டு மூணு தரை துடைக்கிற மாப்பு சாத்தி வச்சிருக்கும், புள்ளைக்கு அந்த மாப்பப் பாத்தா பயம், கண்ண மூடிக்கும். அந்த மாப்ப நான் மறக்கவே மாட்டேன். ஊருக்கே அந்தப் புள்ளையப் பத்தி தெரியும், விவரம் தெரியுற வயசுல கூட்டிட்டு வந்து காட்டுவாங்க, அழுவாங்க, கோவப்படுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க. சில பேர் மட்டும் ஒரு நாள் பேசாம ஊர விட்டு நடந்து போயிடுவாங்க. புள்ளைய யாரும் காப்பாத்தல! வேற எந்த எழுத்தாளரா இருந்தாலும் ஒரு வீரன அனுப்பி கதவ உடைச்சிருப்பாங்க, நாமளும் நிம்மதியா புத்தகத்த மூடியிருப்போம்.

அவங்க 2014ல விருது வாங்குறப்ப மேடைலயே சொன்னாங்க, முதலாளித்துவத்துக்கு வெளிய போகவே முடியாதுன்னு இன்னைக்கு தோணுது, ராஜாக்களோட தெய்வீக உரிமையும் ஒரு காலத்துல அப்படித்தான் தோணுச்சுன்னு. ராஜா இல்லாத உலகத்த கற்பனை பண்ணாத ஃபேண்டஸிக்காரங்க அத கேக்கணும்.

தூக்கணாங்குருவி:

விண்மீன்வேடன், சாம்பல யார் அள்ளுனாங்கன்னு கேட்டீங்களே, நேத்து முழுக்க அது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். தேவதைக் கதைங்கிற பேரே 1690கள்ல பிரான்ஸ்ல வரவேற்பறைகள்ல கதை சொன்ன பெண்கள்ட்ட இருந்துதான் வருது, மதாம் தோல்னுவா 1697ல தன் தொகுப்புக்கு வச்ச பேர் அது. அவங்கள சின்ன வயசுலயே ரொம்ப மூத்த ஒரு பிரபுவுக்கு கட்டி வச்சிருந்தாங்க. அவங்க கதைகள்ல யார கட்டிக்கிறதுங்கிறது உயிர் போற பிரச்சனையா திரும்பத் திரும்ப வருது. செம்மறியாடா சபிக்கப்பட்ட ராஜா ஒருத்தன் ஒரு கதைல வர்றான், இளவரசி அவன் மேல பாசமாதான் இருக்கா, ஆனா அப்பா வீட்டுக்குப் போனதும் அவர் அவ தலைல கிரீடத்த வைக்கிறார், அவ ஆட்ட மறந்துடுறா, அது அரண்மனை வாசல்ல உள்ள விடாம செத்துப் போயிடுது. முத்தம் கிடையாது, மனுசனா மாறுறதும் கிடையாது. பொண்ணு ராணி ஆகுறா, புருசன் இல்லாம. பதினாலாம் லூயி காலத்துல ஒரு பெண் இத எழுதியிருக்காங்க! அதே 1697ல பெரோங்கிற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட சிவப்புத் தொப்பிப் பொண்ண ஓநாய் தின்னுட்டு கதை முடிஞ்சிடும், கீழ ஒரு செய்யுள், இனிமையா பேசுற ஓநாய்தான் ஆபத்துன்னு பொண்ணுங்களுக்கு புத்தி சொல்லும். ஓநாய்க்கு புத்தி சொல்ல யாரும் எழுதல.

நம்ம மொழில முடிவ உடைச்சதுன்னா எனக்கு புதுமைப்பித்தனோட சாப விமோசனம்தான். அகலிகை கல்லா இருந்து மனுசியாகி, கௌதமரோட புதுசா வாழப் பாக்குறா, உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே. வனவாசம் முடிஞ்சு சீதை பாக்க வர்றா, தீக்குளிச்சத சொல்றா. அவர் கேட்டாரா, நீ ஏன் செஞ்சேன்னு அகலிகை துடிச்சுப் போறா. தனக்கு மன்னிப்பு கொடுத்த அதே ராமன் சீதைகிட்ட சாட்சி கேட்டிருக்கான். கடைசில அவ மறுபடி கல்லாயிடுறா. சாபம் கொடுக்க எந்த முனிவரும் வேண்டியிருக்கல. ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது பிடிக்காம போகலாம், அத நான் பொருட்படுத்தலன்னு அவரே முன்குறிப்பு போட்டிருப்பார். புதுசா ஒரு பாத்திரம் கூட படைக்கல, பழைய கல்ல மறுபடி கல்லாக்குனார், அவ்வளவுதான்.

நூலகத்தூசி:

ஆமா, அந்தக் கல். அது தண்டனை இல்ல, அவளோட மறுப்பு.

ஏன் மாயக் கதை வழியா சொல்லணும், நேரா சொல்லக்கூடாதான்னு சிலர் கேப்பாங்க. நேரா சொன்னா வாய அடைச்சிடுவாங்கங்கிறது ஒரு காரணம். ஸ்விஃப்ட் கலிவரின் பயணங்கள் நாவல 1726ல அச்சுக்கு கொடுத்தப்ப தன் கையெழுத்து தெரியாம வேற கைல படியெடுத்து ரகசியமா பதிப்பாளர்கிட்ட சேர்த்தாங்க, அப்படியும் பதிப்பாளர் பயந்துக்கிட்டு சில இடத்த மாத்திட்டார். அதுல பறக்கும் தீவு ஒன்னு வரும்ல, லாபுட்டா. கீழ இருக்கிற ஊர் கலகம் பண்ணுனா தீவ தலைக்கு மேல நிறுத்தி வெயிலையும் மழையையும் மறைச்சிடுவாங்க, கல்ல எறிவாங்க, கடைசி கட்டமா ஊர் மேலயே இறக்கிடலாம், ஆனா செய்ய மாட்டாங்க, ஏன்னா மந்திரிங்களோட நிலமெல்லாம் கீழதான் இருக்கு, தீவோட அடிப்பாறையும் விரிசல் விட்டுடும். எவ்வளவு நுணுக்கமா ஒரு ஏகாதிபத்தியத்தோட கணக்க எழுதியிருக்கார். ஒரு ஊர் எதிர்த்து நின்னு ஜெயிக்கிற பகுதியும் எழுதியிருந்தார், அயர்லாந்து மேல திணிச்ச செப்புக்காசுக்கு எதிரா டப்ளின் நின்னத மனசுல வச்சு. அந்தப் பகுதி நாவல்ல அச்சானது 1899ல. ஜெயிச்ச கதைய மட்டும் 170 வருசத்துக்கு மேல காணோம்.

ஆனா ஒளிஞ்சு சொல்றது மட்டும் காரணம் இல்லன்னு நினைக்கிறேன். மாயக் கதைல சில விஷயம் நேரா தெரியும், வேற எப்படியும் தெரியாது. சல்திகோவ் ஷ்செத்ரின்னு ஒரு ரஷ்யர், துணை கவர்னரா இருந்தவர், 1869ல ரெண்டு தளபதிங்க கதை எழுதுனார். ரெண்டு பேரும் தூங்கி எழுந்தா ஆளில்லாத தீவுல இருக்காங்க. பசி. மரத்துல பழம் தொங்குது, ஏறத் தெரியாது. தேடிப்போனா அங்கயும் ஒரு குடியானவன் மரத்தடில தூங்குறான்! எழுப்பி திட்டுறாங்க. அவன் மரமேறி நல்ல பழமா ஆளுக்கு பத்து பறிச்சுக் கொடுத்துட்டு தனக்கு ஒரு புளிச்ச பழம் எடுத்துக்கிறான். அப்புறம் கயிறு திரிக்கச் சொல்றாங்க. காட்டு சணல ஊற வச்சு அடிச்சு சாயங்காலத்துக்குள்ள திரிச்சுக் கொடுக்கிறான். அந்தக் கயித்தாலயே அவன் ஓடிடக்கூடாதுன்னு அவன மரத்துல கட்டிடுறாங்க. கடைசில அவனே படகு செஞ்சு அவங்கள ஊர்ல கொண்டு விடுறான், அவனுக்கு ஒரு கோப்பை வோட்காவும் அஞ்சு கோபெக் வெள்ளிக்காசும் அனுப்புறாங்க.

தன் கையால திரிச்ச கயித்துல தானே கட்டுண்டு நிக்கிற அந்த ஆள எந்த கட்டுரை வச்சு இப்படி காட்ட முடியும்?

அதிகாரம் கதைய எப்படி எடுத்துக்குதுன்னு கட்டெறும்புக்கு ஒன்னு சொல்றேன். கென்யாவோட கூகி வா தியாங்கோ 1986ல கிக்கூயு மொழில மாத்திகாரின்னு ஒரு நாவல் வெளியிட்டார், காட்டுல இருந்து திரும்பி வந்து உண்மையும் நீதியும் எங்க இருக்குன்னு நாடு முழுக்க கேட்டுக்கிட்டே நடக்குறவனோட கதை. இது எந்த நாடும் இல்ல எந்த காலமும் இல்லன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுவார். மாத்திகாரின்னு ஒருத்தன் ஊர் ஊரா போய் நீதி கேக்குறான்னு ஜனங்க பேசிக்கிறாங்கன்னு உளவுத்துறை அறிக்கை போகவும் அவன பிடிக்கச் சொல்லி உத்தரவு போட்டுட்டாங்க. அப்புறம்தான் அவன் கதாபாத்திரம்னு தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் 1987 பிப்ரவரில புத்தகங்கள அள்ளிட்டுப் போனாங்க. ஆசிரியரே இத எழுதி வச்சிருக்கார்.

கட்டெறும்பு:

நான் ஆரம்பத்துல சொன்னதுல ஒரு பங்கு இன்னும் பிடிச்சிக்கிட்டுதான் இருக்கேன், ஓஸ் மாதிரி ஒவ்வொரு செருப்புக்கும் அர்த்தம் சொல்றது தப்புதான். ஆனா முடிவ பாக்கச் சொன்னது எனக்கு புது கண்ணு கொடுத்த மாதிரி இருக்கு, அதனால நானும் ஒன்னு தேடிக் கொண்டு வந்திருக்கேன்.

ஆர்வெல்லோட விலங்குப் பண்ணை, 1945. மனுசன விரட்டிட்டு மிருகங்களே பண்ணைய நடத்த, அப்புறம் பன்றிங்க ஆட்சிய பிடிச்சுக்குற கதை. அதுக்கு அவர் வச்ச துணைத்தலைப்பே ஒரு தேவதைக் கதைங்கிறதுதான், அமெரிக்க பதிப்புல அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க. கடைசி காட்சி ஞாபகம் இருக்கும், ஜன்னல் வழியா மத்த மிருகங்க எட்டிப் பாக்குது, பன்றிங்களும் பக்கத்து பண்ணை மனுசங்களும் சீட்டாடுறாங்க, எது பன்றி எது மனுசன்னு அடையாளம் தெரியல. ரெண்டு பக்கத்தையும் ஒரே மேசைல உக்கார வச்சு முடிச்சார்.

1954ல அது கார்ட்டூன் படமா வந்துச்சு. பணம் பின்னாடி இருந்து அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ கொடுத்தது, அது ரொம்ப வருசம் கழிச்சுதான் வெளிய வந்துச்சு. படத்துல அந்த மேசைல மனுசங்க இல்ல. பன்றிங்க மட்டும்தான். அப்புறம் மத்த மிருகங்க எல்லாம் சேர்ந்து உள்ள பூந்து பன்றிங்கள தொலைச்சிடுது. புத்தகத்துல இல்லவே இல்லாத புரட்சி. நான் சின்ன வயசுல படத்த மட்டும்தான் பாத்தேன், இத்தனை வருசமா அதான் கதைன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன். எனக்கு கொடுத்தது வெட்டுன கதைன்னு தெரிஞ்சப்ப நெஜமாவே கோவம் வந்துச்சு.

திரைக்குப்பின்னால்:

தம்பி, அதே கோவம்தான் எனக்கும், என் மேல. நாங்க அந்த நாடகத்த மறுபடி போடுறதா பேசிக்கிட்டு இருக்கோம், பழைய குழுல நாலு பேர் இன்னும் தொடர்புல இருக்காங்க. நாற்காலியோட.

தூக்கணாங்குருவி:

திரைக்குப்பின்னால், போட்டா கட்டாயம் இங்க எழுதுங்க.

நூலகத்தூசி எழுதுனதுக்கு அப்புறம் எங்க வீட்டுல இருக்கிற ராஜா உடுப்பு கதை ரெண்டையும் எடுத்து வச்சிப் பாத்தேன். ஒன்னுல புள்ள கத்துனதும் ஊரே சிரிக்குது, ராஜா வெக்கப்பட்டு அரண்மனைக்கு ஓடிடுறார், ஏமாத்துக்காரங்கள நம்பக்கூடாதுன்னு புரிஞ்சிக்கிறார், முற்றும். இன்னொன்னு பழசு, எழுத்து பொடியா இருக்கும், அதுதான் ஆண்டர்சன் எழுதுன மாதிரி முடியுது. ராஜாவுக்கு ஜனங்க சொல்றது சரின்னு உள்ளுக்குள்ள சுருக்குனு தைக்குது. ஆனா ஊர்வலத்த நடுவுல விட முடியாதுன்னு நினைச்சிக்கிட்டு முன்ன விட நிமிர்ந்து நடக்கிறார். பின்னாடி சேவகர்கள் இல்லாத அங்கியோட நுனிய கைல தூக்கிப் பிடிச்சிக்கிட்டே போறாங்க.

நேத்து ராத்திரி பொண்ணுக்கு ரெண்டாவத படிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் "அந்தப் பையன் என்ன ஆனான்"னு கேட்டா. புத்தகத்துல இல்லடான்னேன். "ராஜாதான் நிக்கவே இல்லையே, அப்ப அவன போலீஸ் பிடிச்சிருக்குமா"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல, அவளையே சொல்லச் சொன்னேன். அவங்க அம்மா அவன தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குள்ள பூந்து வீட்டுக்குப் போயிட்டாங்களாம், பக்கத்துல இருந்தவங்க எல்லாம் வழி விட்டாங்களாம், யார் புள்ளன்னு யாரும் சொல்லலையாம்.

இன்னைக்கு ஹான்சல் கிரெட்டல் மறுபடி கேட்டிருக்கா. பெத்த அம்மான்னு படிக்கப் போறேன்.